கொங்கன் படைத் திங்களும் மறுநாள் செவ்வாயும்

ரக்தாக்ஷி வருஷம் ஆடி பிறந்த கையோடு மலையில் கொட்டிய மழையை மலையாளத்தார் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்கிறார்கள். அவர்கள் கணக்கில் அது கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பது, கர்க்கடக மாதம். பாலக்காட்டில் இருந்த நான் அதைப் பத்திரிகையில் படித்தேன். என் தங்கையும் அவள் புருஷனும் பள்ளிவாசல் என்ற மலையூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நனைந்துகொண்டே அதைப் பார்த்தார்கள். கூலியாட்களின் லைன் வீடுகளுக்கு நடுவே மாப்பிள்ளை அங்கே ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். மண் சரிந்ததில் கடை போயிற்று, ஆட்கள் பிழைத்தார்கள். ஆவணி முடிவதற்குள் இருவரும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

நாங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். எனக்கு அப்போது பாலக்காடு நகரசபை அலுவலகத்தில் நகல் எழுதும் வேலை. கல்யாணம் ஆகவில்லை. கோட்டைக்குத் தெற்கே ஒரு சின்ன வாடகை வீடு, நிறையப் புத்தகங்கள், ஒவ்வொரு வருஷத்துப் பஞ்சாங்கமும். மழை பெய்த நாள், ரயில் தாமதித்த நாள், சந்தையில் முதல் மாம்பழம் வந்த நாள் எல்லாவற்றையும் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் குறித்து வைப்பது என் வழக்கம். அதனால்தான் இதில் வரும் மாதங்களையும் கிழமைகளையும் தயங்காமல் எழுதுகிறேன்.

மாப்பிள்ளைக்கு உட்கார்ந்து பழக்கமில்லை. சாப்பிடும்போதுகூட ஒரு கால் குத்திட்டு, எந்த நிமிஷமும் எழுந்துவிடுகிற மாதிரிதான் உட்காருவார். காலையில் ரயிலடிக்குப் போவார். யார் இறங்குகிறார்கள், என்ன மூட்டை வருகிறது என்று பார்ப்பார். மத்தியானம் சந்தைக்குப் போவார். சாயங்காலம் வாசலில் நின்று தெருவின் இரு முனைகளையும் மாறி மாறிப் பார்ப்பார். ஐப்பசியில் கல்பாத்தித் தேர் வந்தது, மார்கழி போயிற்று. அவர் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

தை மாதத்தில் மலையிலிருந்து ஆள் வந்து சொன்னான். புது லைன்கள் கட்டியாகிவிட்டதாம், கடைக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறதாம். தலைக் கங்காணி பங்குனிக் கடைசியில் நேரிலேயே வந்து அழைத்துப்போவாராம். மாப்பிள்ளை வரவில்லையென்றால் கடை வேறொருவருக்குப் போய்விடும்.

தங்கை அடுப்படியிலிருந்து எழுந்து வரவில்லை. அங்கிருந்தே சொன்னாள், தான் இனி மலை ஏறுவதாக இல்லை என்று. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஓட்டின் மேல் மழை விழுந்தால் அவள் இன்னமும் எழுந்து நின்றுவிடுவாள். எதையாவது கையில் எடுத்துக்கொள்வாள். ஒரு தடவை உப்புச் சட்டியை எடுத்துக்கொண்டு நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

மாப்பிள்ளையும் பிடிவாதக்காரர்தான். கங்காணி வருவதற்குள் சமவெளியில் ஒரு கடை அமைந்தால் இருப்பேன், அமையாவிட்டால் போவேன் என்றார். அவள் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. என் தங்கை புருஷனோடு வாழப்போகிறாளா, என் வீட்டிலேயே தங்கிவிடப்போகிறாளா என்பது அந்த இரண்டு மாதத்தில் முடிவாக வேண்டியிருந்தது.

"நீங்க படிச்ச ஊரை எனக்குக் காட்டுங்க மச்சா," என்றார் மாசி பிறந்ததும். "நீங்க பாருங்க, நான் தின்னு பாக்கறேன். எந்த எடத்துல எந்தச் சோறு ஓடுதுன்னு தெரிஞ்சாப் போதும்."

இந்த ஊரைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. கணவாய் வழியாக வந்தவர்கள் எல்லோரும் இங்கே ஆளுக்கொரு தெருவை எடுத்துக்கொண்டு தங்கிவிட்டவர்கள். கோட்டையைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தால் பல பாஷைகள் காதில் விழும். ஆனால் அதையெல்லாம் நான் அதுவரை கண்ணாலும் புத்தகத்தாலும்தான் அறிந்திருந்தேன். மாப்பிள்ளையோடு நடக்கும்போது ஊர் வாய்க்குள் வந்தது.

முதல் நாள் கல்பாத்தி. ஆற்றங்கரையில் கோயிலைக் கும்பிட்டோம். தெருக்களில் யார் நடக்கலாம், யார் நடக்கக்கூடாது என்று தேர் சமயத்தில் எழுந்த சச்சரவு அப்போது முழுசாக அடங்கியிருக்கவில்லை. நாங்கள் நடக்கத் தடை இல்லாதவர்கள். ஆனாலும் உள்ளே உட்காரத் தகுதி இல்லாதவர்கள். தெரு முனையில் ஒரு காப்பிக் கடை. பக்கத்துச் சன்னல் வழியாகத்தான் எங்களுக்கு வியாபாரம். கடைக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்டார்: "டம்ளர் கொண்டு வந்திருக்கேளா? இல்லேன்னா கொட்டாங்கச்சிலதான் தருவேன்."

கொட்டாங்கச்சியிலேயே குடித்தோம். மாப்பிள்ளைக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடினார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் காப்பிக் கடைதான் வைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டு வந்தார். கொட்டை வறுக்கிற பக்குவம், பாலில் தண்ணீர் சேராத தந்திரம், சர்க்கரையை முதலிலே போடுவதா கடைசியிலா. தங்கை கேட்டுக்கொண்டாள். களி கிண்டிப் போட்டாள்.

இரண்டு நாள் கழித்து ராவுத்தர்கள் தெரு. வீட்டில் தமிழ் பேசுகிற முஸ்லிம்கள். குதிரையும் மாடும் வாங்கி விற்று இந்தக் கணவாயிலே தலைமுறை தலைமுறையாகப் போய்வருகிறவர்கள். ஒரு வீட்டின் முன்கட்டில் நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் விற்றார்கள். பட்டையும் கிராம்பும் தெருவுக்கே மணத்தன. நான் கறி சாப்பிடுவேன். ஆனால் யாராவது அலுவலகத்துக்காரர் பார்த்துவிடுவாரோ என்று சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தேன். மாப்பிள்ளை தெருவைப் பார்த்து உட்கார்ந்து இரண்டாம் தடவையும் வாங்கினார். பரிமாறிய பெரியவரிடம் எந்த அரிசி, எவ்வளவு நெய் என்று துருவித் துருவிக் கேட்டார்.

"தம்பி, சோத்தத் திங்க வந்தீங்களா, கடையத் தூக்கிட்டுப் போக வந்தீங்களா?" என்றார் பெரியவர்.

அன்று ராத்திரிக்குக் காப்பிக் கடை மறைந்து நெய்ச்சோற்றுக் கடை வந்துவிட்டது. "கறிக்கடை வெச்சா கல்பாத்திக்காரரு சன்னலுக்குக்கூட வரமாட்டாருங்களே," என்றாள் தங்கை.

அடுத்து ஜைனமேடு. கருங்கல்லால் கட்டிய கோயில்; கல்லுக்குள் வெயில் நுழையாமல் எப்போதும் குளிர்ந்திருக்கும். அதைப் பற்றிப் படித்த எல்லாவற்றையும் நான் சொல்லிக்கொண்டே வந்தேன். மாப்பிள்ளை பக்கத்து வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொழுது சாய்வதற்கு முன் சாப்பிட்டு முடித்து அடுப்பை அணைத்துவிடுகிறவர்கள் ஜைனர்கள். விளக்கு வைத்தபின் சோறு கிடையாது. "ராத்திரி வியாபாரமே இல்லாத தெரு," என்று தலையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தார். கோட்டைக்குப் போனோம். அகழியில் தண்ணீர் பாசி பிடித்துக் கிடந்தது. மதிலின் உயரத்தையும் அதைக் கட்டியவர் பெயரையும் நான் சொல்லி முடிப்பதற்குள், உள்ளே இருக்கிற சிறைக்காவலர்களுக்கு யார் சோறு போடுகிறார்கள் என்று கேட்டார்.

ராமசேரிக்கும் போனோம். தட்டையான இட்லி, மண்பானை வாயில் துணி கட்டி ஆவியில் வேகவைப்பது. இரண்டு நாள் வைத்தாலும் கெடாது. கூடையில் தலைச்சுமையாக எடுத்துக்கொண்டுபோய் ஊர் ஊராக விற்கிறார்கள். மாப்பிள்ளை கூடைக்காரிக்குப் பின்னாலேயே வெயிலில் நடந்தார். நான் ஒரு புளிய மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் வந்து இட்லிதான் என்றார். வீட்டில் பானை வாயில் துணி கட்டி முயன்றார். மாவு துணியோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது. அதையும் தங்கை தாளித்துப் போட்டாள், நன்றாகத்தான் இருந்தது.

ஒவ்வொரு நாளும் ஒரு புதுக் கடை, மறுநாள் அது இல்லை. மாசி பாதி போய்விட்டது. நான் பஞ்சாங்கத்தைப் புரட்டும்போதெல்லாம் தங்கை எட்டிப் பார்ப்பாள்; பங்குனிக்கு இன்னும் எத்தனை தாள் என்று கேட்பதில்லை, பார்ப்பதோடு சரி.

அமாவாசைக்குப் பின் வரும் திங்கட்கிழமை பக்கத்துச் சித்தூரில் கொங்கன் படை. பகவதி கோயில் திருவிழா. கிழக்கேயிருந்து கொங்கன் ராஜா படையெடுத்து வந்தானாம். பகவதியே இறங்கி வந்து அவனைத் தோற்கடித்தாளாம். வருஷா வருஷம் ஊரார் அதை நடித்துக் காட்டுகிறார்கள். சித்தூர்க்காரர்களில் பாதிப்பேர் கொங்கன் படையாக வேஷம் கட்டித் தோற்பார்கள், மீதிப்பேர் ஜெயிப்பார்கள். கதை எந்தக் காலத்தது என்று நான் பல புத்தகங்களில் தேடியிருக்கிறேன், ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

மாப்பிள்ளைக்குச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். கோயிலுக்குப் போகும் வழியில் கொட்டகை போட்டுக் கடை வைப்போம் என்றார். பெயர்ப் பலகை: கோயமுத்தூர் கொங்கு சாப்பாடு.

கொங்கனை அடித்து விரட்டுகிற திருவிழாவில் கொங்கன் பெயரைத் தொங்கவிட்டால் கல்லெறி விழும் என்று நான் சொன்னேன்.

"எல்லாருக்கும் எதிரின்னா எல்லாருந்தானே பாக்க வருவாங்க மச்சா," என்றார்.

என்ன சமைப்பது என்பதில் மட்டும் தங்கை அவரைக் கேட்கவில்லை. அரிசிம்பருப்புச் சோறு என்றாள். அரிசியும் துவரம்பருப்பும் சேர்த்து, சின்ன வெங்காயமும் பூண்டும் தாளித்து ஒரே பானையில் வடிக்காமல் பொங்குவது. எங்கள் பக்கத்தில் விருந்தாளி சொல்லாமல் வந்து நின்றால் செய்வது அதுதான். கடைச் சாப்பாடு என்று அதை யாரும் நினைத்ததுகூட இல்லை. மாப்பிள்ளைக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் அடுப்பு மூட்டப்போவது அவள்.

அலுவலகத்துக்கு இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் திங்கட்கிழமை போனேன். வெயில் ஏறியதும் கூட்டம் வந்தது. பலகையைப் படித்தவர்கள் நின்று சிரித்தார்கள். கொங்கன் முன்கூட்டியே வந்து கூடாரம் அடித்துவிட்டான் என்றார்கள். பகவதியிடம் சொல்லட்டுமா என்றார்கள். ஒருத்தர் மாப்பிள்ளையின் மீசையைப் பார்த்து, வேஷம் கட்டத் தேவையே இல்லை, நேராகச் சண்டைக்கு வரலாம் என்றார். மாப்பிள்ளை எல்லோருக்கும் கும்பிடு போட்டார். சிரித்தார்கள், நின்றார்கள், போனார்கள். யாரும் இலை கேட்கவில்லை. கிழக்கேயிருந்து மாடு ஓட்டி வந்தவர்கள் சிலர் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

எனக்குக் காரணம் தெரிந்ததுதான். யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கலாம் என்பதுதான் இந்தப் பக்கத்தில் முதல் கேள்வி. கேலிக்கு நிற்கிறவர்கள் சோற்றுக்கு உட்கார மாட்டார்கள்.

மாலையில் சண்டை. எருமை மேல் ஏறி வந்த தூதன் கொங்கனின் ஓலையைப் படித்தான், வெடி போட்டார்கள், செண்டை காதைப் பிளந்தது. கரி பூசிய முகங்களும் மரக் கத்திகளுமாகக் கொங்கன் படை வந்தது, மோதியது, விழுந்தது. விழுந்தவர்கள் புழுதியில் அசையாமல் கிடந்தார்கள். கூட்டம் ஆர்ப்பரித்தது. நான் மறந்து நின்றுவிட்டேன். தோற்கிறவன் எங்கள் ராஜா என்பதும் அப்போது உறைக்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் கொட்டகைக்குத் திரும்பினேன். செத்தவர்கள் எனக்கு முன்னால் அங்கே வந்திருந்தார்கள். கொங்கன் படை ஒரு கும்பலாக வியர்வையும் கரியுமாய், வாசனை பிடித்துக்கொண்டு வந்து நின்றது. உள்ளே வரத் தயங்கினார்கள். அவர்களில் உயரமான ஒருவர், நல்ல தறவாட்டுக்காரர், பெரிய குடும்பத்து மனிதர் என்று பேச்சிலேயே தெரிந்தது, முன்னால் வந்து சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"நான் செத்தாச்சு," என்றார் கூட இருந்தவர்களைப் பார்த்து. "செத்தவனுக்கு ஜாதி உண்டோ? இலை போடுங்க."

எல்லோரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். தங்கை பரிமாறினாள். நெய் விட்டாள். அவர்கள் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்கள். கரி படிந்த விரல்களை நக்கினார்கள். செத்த ராஜாவுக்கு இப்படிச் சோறு உண்டென்றால் நாங்கள் ஏன் வருஷா வருஷம் சண்டை போடுகிறோம் என்றார் உயரமானவர். பானை வழித்தாயிற்று. தங்கை மறுபடி உலை வைத்தாள்.

மாப்பிள்ளை அன்று தூங்கியிருக்க மாட்டார். கோயில் வழியில் ஒரு முன்கட்டு காலியாக இருந்தது. வீட்டுக்காரரிடம் பேசிவிட்டு வந்தார். காலையில் வந்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. சித்தூர்தான், இனி தேட வேண்டாம், கங்காணிக்கு இன்றே ஆள் விட்டுச் சொல்லிவிடலாம் என்றார். தங்கையின் முகம் பல மாதங்களுக்குப் பின் இளகியதை நான் பார்த்தேன். ஆனால் அவள் சொன்னது இதுதான்: "நாளைக்கு ஒரு நாள் இருந்து பாத்துட்டுப் பேசுங்க."

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அதே பானை, அதே சோறு, அதே வாசனை. தெருவைக் கூட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். ஜனங்கள் குளித்துச் சந்தனம் இட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள், வந்தார்கள். கொட்டகைப் பக்கம் திரும்பியவர்கள் குறைவு. நேற்று வாசலில் நின்று கேலி பேசியவர்கள்கூட இன்று நிற்கவில்லை. மாப்பிள்ளை வாசலுக்கும் அடுப்புக்கும் நடையாய் நடந்தார்.

கடைசியில் உயரமானவர் வந்தார். வெள்ளை வேட்டி, ஈரத் தலை, நெற்றியில் சந்தனம். கரி இல்லாமல் அவரை அடையாளம் காண எனக்கே கொஞ்சம் நேரம் ஆயிற்று. மாப்பிள்ளை ஓடிப்போய்க் கும்பிட்டு, இலை போட்டாயிற்று, வாருங்கள் என்றார்.

அவர் நின்றார். முகத்தில் கபடம் இல்லை, கொஞ்சம் சங்கடம்தான். "இன்னைக்கு ஜீவனோட இருக்கேனே," என்றார். கொட்டகைக்குள் தங்கை இருந்த பக்கமாகப் பார்த்துத் தலை அசைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார்.

மாப்பிள்ளை போட்ட இலையை எடுத்து மடித்தார். பிறகு பலகையைக் கழற்றத் தொடங்கினார். அப்போது கிழக்கே திரும்பிப் போகிற வண்டிகள் வந்தன. திருவிழாவுக்குச் சரக்குக் கொண்டுவந்த கோயமுத்தூர்ப் பக்கத்து வண்டிக்காரர்கள். மாட்டை அவிழ்த்துவிட்டு, கேட்காமலே வந்து உட்கார்ந்தார்கள். ஒரு கிழவர் முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு, எங்கே சமைத்தது என்று கேட்டார். இங்கேதான் என்றதும், "எங்கூட்டுச் சோறாட்ட இருக்குதுங்க அம்மிணி," என்றார். சொல்லிவிட்டுக் குனிந்து சாப்பிட்டார்.

அவர்கள் போனபின் தங்கை பானையைக் கவிழ்த்தாள்.

"திங்கக்கெழமை வந்தவிய வேசத்துக்கு வந்தவிய," என்றாள் புருஷனைப் பார்த்து. "செவ்வாக்கெழமை வந்தவியதானுங்க நம்முளுக்கு. இந்த வண்டியெல்லாம் எங்க மாடு அவுக்குதுன்னு போய்ப் பாருங்க."

வண்டிகள் கஞ்சிக்கோட்டில் மாடு அவிழ்த்தன. கணவாய்க்குள் நுழையும் வண்டியும் காட்டைத் தாண்டி வெளியே வரும் வண்டியும் அங்கே நின்றுதான் ஆக வேண்டும். பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. காற்றும் புழுதியும் ஒரு சின்ன ரயிலடியும் தவிர. கோயிலோ கோட்டையோ கிடையாது, நான் படித்த எந்தப் புத்தகத்திலும் ஒரு வரிக்கு மேல் அந்த ஊர் இல்லை. மாப்பிள்ளைக்கு அதில் பெரிய ஏமாற்றம். இவ்வளவு ஊர் சுற்றித் தின்று பார்த்துவிட்டு, மாடு கட்டுகிற இடத்தில் விருந்தாளிச் சோறா என்றார். இருந்தாலும் மாசி முடிவதற்குள் ஓலைக் கூரை போட்டுவிட்டார். பங்குனி வரைக்கும் பார்ப்போம் என்று கூரை வேய்ந்தவனிடம்கூடச் சொன்னார்.

பங்குனிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கங்காணி என் வீட்டுக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், கிறிஸ்து வேதக்காரர், கோட்டும் தலைப்பாகையும். காலைப் பூசை முடித்துவிட்டு வந்ததாகச் சொன்னார். ரயிலில் அவரைக் கஞ்சிக்கோட்டுக்கு அழைத்துப்போனேன். இவர் கேட்டால் மாப்பிள்ளை கிளம்பிவிடுவார் என்றே எனக்குப் பட்டது. அந்த மனிதர் எதையும் ஒரு மாதத்துக்கு மேல் விரும்பி நான் பார்த்ததில்லை.

கங்காணி இலையில் உட்கார்ந்தார். இரண்டாம் முறை சோறு வாங்கினார். பிறகு சொன்னார்: "லைனுல ஆளுக ஒங்க கடையத்தான் கேக்காவ. வாரியளா, இல்ல வேற ஆளு பாக்கவா? இன்னைக்குச் சொல்லிப்போடுங்க."

மாப்பிள்ளை அடுப்பைப் பார்த்தார். தங்கை கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"அவிங்களுக்குப் போகோணும்னா போகட்டுங்க," என்றாள் கங்காணியிடம். "இந்த அடுப்பு என்னுதுங்க. இது இங்கதான் எரியும்."

கங்காணி என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன். அவர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. கை கழுவினார், ரயிலுக்கு நேரமாகிறது என்று எழுந்தார். மாப்பிள்ளை மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ரயிலடி வரைக்கும் போய் வருகிறேன் என்று அவரோடு நடந்தார். பேசிக்கொண்டே போனார்கள். மாப்பிள்ளை கையை வீசி வீசி ஏதோ சொல்வது தூரத்திலும் தெரிந்தது. திருப்பத்தில் இருவரும் மறைந்தார்கள்.

ரயில் வந்த சத்தம் கேட்டது, நின்றது, கிளம்பிப் போன சத்தமும் கேட்டது. இரண்டு வண்டிக்காரர்கள் வந்து சாப்பிட்டுப் போனார்கள். தங்கை அடுத்த உலைக்கு அரிசி களைந்தாள். கழுநீரைக் கொட்ட வெளியே வந்தவள் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடியே நின்றாள். நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

வெகுநேரம் கழித்துத் திருப்பத்தில் மாப்பிள்ளை தெரிந்தார். தோளில் பெரிய பச்சைக் கட்டு. வேகமாகத்தான் நடந்து வந்தார், எப்போதும் போல. வந்து வாழை இலைக் கட்டைத் தொப்பென்று வாசலில் போட்டார்.

"ரயிலடித் தோட்டத்துல வெட்டிக்கிட்டு இருந்தாங்க," என்றார், துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. "நாளைக்கு இலை பத்தாது."

தங்கை கழுநீரைக் கொட்டிவிட்டு உள்ளே போனாள்.